பச்சை வந்தால் போதும்

ஜூன் 3, செவ்வாய்

பேசினால் சண்டையாகிறது, அதனால் எழுதுகிறேன். காகிதம் எதிர்த்துப் பேசாது. இந்தக் கம்பெனியில் அந்த அளவு பண்பு உள்ளவர்களை இதுவரை பார்க்கவில்லை.

இன்று ஒரு தாடை வந்தது. டைட்டானியம் பொடியை லேசரால் உருக்கி, ஏடு ஏடாக அடுக்கி எங்கள் இயந்திரம் செய்த கீழ்த்தாடைத் தகடு. யாரோ ஒருவருக்கு வலப்பக்கத் தாடையில் கட்டி. எலும்பை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைப்பார்கள். முன்முனை மோவாய் எலும்பில் உட்கார வேண்டும், பின்முனை காதுக்குக் கீழே உள்ள எலும்பில். வரைபடத்தில் உள்ள உருவம்தான் உலோகத்தில் வந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. தகட்டின் மீது வெள்ளைப் பொடி தெளித்து, ஸ்கேனரால் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து, கணினியில் இருக்கும் உருவத்தோடு ஒப்பிட வேண்டும். சரியான இடம் பச்சையாகத் தெரியும். துருத்திய இடம் சிவப்பு, உள்வாங்கிய இடம் நீலம்.

நான் அளந்ததில் பின்முனை முழுக்கச் சிவப்பு. மோவாய்ப் பக்கத்தைச் சரியாக உட்காரவைத்துப் பார்த்தால், காதுப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேலே விலகி நிற்கிறது.

பிரணவ் வந்து எட்டிப் பார்த்தார். முதலாளியின் மகன். அப்பா மாவு கிரைண்டர் விற்றுச் சம்பாதித்ததை டைட்டானியப் பொடியாக்கி ஊதிக்கொண்டிருக்கிறார். "மேடம், பெஸ்ட் ஃபிட் போட்டீங்களா? போட்டா பச்சை வந்துரும்" என்றார்.

அந்தப் பொத்தானை அழுத்தினால், எங்கே நகர்த்தி வைத்தால் குறை குறைவாகத் தெரியுமோ அங்கே மென்பொருளே உருவத்தை நகர்த்தி வைத்துக்கொள்ளும். வேட்டி குட்டையென்றால் இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டிவிட்டு, நீளம் சரியாக இருக்கிறது என்பதைப் போல. அழுத்தினேன். பச்சை வந்தது. பிரணவின் முகத்தில் குலதெய்வத்தைக் கண்ட பரவசம்.

வீட்டில் என் கணவர் வெண்டைக்காய்ப் பொரியல் செய்திருந்தார். கொழகொழவென்று. வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்கு வெண்டைக்காயைத் துடைத்துவிட்டு நறுக்கக்கூட நேரமில்லை.

ஜூன் 5, வியாழன்

கூட்டம். கூட்டம் என்றால் பிரணவ், முகுந்தன், நான். முகுந்தன் இயந்திரத்தை ஓட்டும் எஞ்சினியர். எம்.டெக். படித்தவன். அந்தப் படிப்பில் முக்கியப் பாடம் தலையாட்டுவது.

"உலகம் பூரா பெஸ்ட் ஃபிட்லதான் பாக்குறாங்க மேடம்" என்றார் பிரணவ்.

"உலகம் பூரா அழகுக்குச் செய்யற சாமானை அப்படிப் பாக்கலாம். இது ரெண்டு எலும்புல உட்காரணும். உட்கார்ற இடத்தைப் பிடிச்சுட்டுத்தான் மத்ததை அளக்கணும்."

"நீங்க பம்ப் கம்பெனில இருந்து வந்திருக்கீங்க. அது வேற, இது வேற."

"பம்ப்புல ஒரு மில்லிமீட்டர் போனா தண்ணி ஒழுகும். வாயில போனா என்ன ஒழுகும்னு தெரியலைங்க."

முகுந்தன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தகடு ஏன் வளைந்தது என்று அவனிடம் கேட்டேன். ஒரு தடிமனான அடித்தட்டின் மேல்தான் இயந்திரம் உருவத்தைக் கட்டுகிறது. முதலில் தட்டோடு சேர்த்து உலையில் வைத்துச் சூடேற்றி, உலோகத்துக்குள் இருக்கும் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டிலிருந்து அறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், அறுத்ததும் வில் மாதிரி நிமிர்ந்துகொள்ளும்.

"ஃபர்னஸ் ஃப்ரீயா இல்ல மேடம்" என்றான்.

ஏற்றுமதிச் சாமான் ஒரு வாரமாக உலையில் வரிசை கட்டி நிற்கிறது. இவன் முதலில் அறுத்துவிட்டான். சோம்பேறி. பிரணவ் அப்போது ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 6, வெள்ளி

பச்சை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடவில்லை. உப்புமாவையும் சாப்பிடவில்லை.

ஜூன் 9, திங்கள்

முகுந்தன் கையெழுத்துப் போட்டுவிட்டான். பச்சை ரிப்போர்ட்டின் கீழே, நான் போட மறுத்த இடத்தில், அவன் பெயர் அழகான எழுத்தில் இருக்கிறது. கோழைகளின் கையெழுத்து எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

கேன்டீனில் பிடித்தேன். "போட்டுட்டீங்களாமே."

"வீட்ல எல்லாம் என்னை நம்பித்தான் இருக்காங்க மேடம்."

"அந்த ஆளும் உங்களை நம்பித்தான் வாயைத் திறக்கப் போறார்."

அவன் டீயை ஆற்றினான். பிறகு சம்பந்தமில்லாமல் வளவளவென்று பேச ஆரம்பித்தான். பெட்டி கட்டியாகிவிட்டதாம், கூரியர்காரர் நாளைச் சாயங்காலம்தான் வருவாராம், அதுவரை பெட்டி உங்கள் அறை அலமாரியில்தான் இருக்கும் என்றான். இந்தத் தகட்டை வைக்கப்போகும் டாக்டர் சேவியர் அருள்தாஸ் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் வெளிநோயாளிகளைப் பார்ப்பாராம், நெருக்கியடித்துக்கொண்டு கூட்டம் இருக்குமாம். நோயாளியின் தாடையைப் போலப் பிளாஸ்டிக்கில் அச்சடித்த மாதிரி உருவம் ஒன்று தன் மேசையில் சும்மா கிடக்கிறதாம், இடத்தை அடைக்கிறதாம், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

எனக்கு எதற்கு இதெல்லாம்? குற்ற உணர்ச்சி வந்தால் சிலர் இப்படித்தான் உளறுவார்கள். பிளாஸ்டிக் தாடையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பம்ப் கம்பெனியில் எனக்குப் பிரிவு விருந்து வைத்தார்கள். என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தவர்கள்கூட வந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தார்கள். இங்கே விருந்து வைக்க அவ்வளவு நாள் ஆகாது என்று தோன்றுகிறது.

ஜூன் 10, செவ்வாய்

போனேன். யார் சொல்லியும் போகவில்லை. எனக்கே தோன்றியது, போனேன். பெட்டி ஒரு கையில், பிளாஸ்டிக் தாடை கைப்பையில்.

ஆஸ்பத்திரியில் சந்தைக் கூட்டம். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள் உட்கார்ந்ததிலிருந்து வாயை மூடவில்லை. அந்தப் பக்கம் அவள் கணவர். வலது கன்னம் தேங்காய்மூடி கவிழ்த்தது போல வீங்கியிருந்தது, தோளில் துண்டு.

"ஏனுங், உங்களுக்கும் தாடைங்களா?" என்றாள்.

"இல்லை."

"நல்லா இருப்பீங்க. இவருக்குத்தான். மேட்டுப்பாளையம் மண்டில வாழைத்தார் ஏலம் போடறவரு. இவரு சத்தம் போட்டா ரோட்டுல போற லாரி நிக்கும். இப்பப் பாருங்க, எனக்கே புரியறதில்லீங்."

அவர் ஏதோ முனகினார். ஒரே ஒரு முனகல். அதை அவள் வெகுநேரம் மொழிபெயர்த்தாள்: கட்டி கெட்ட கட்டி இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எலும்பைத் தின்கிறது, டைட்டானியத்தில் தாடை வருகிறதாம், வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன், பழனிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறோம், பெயர் ஆறுக்குட்டி, என் பெயர் ராமாத்தாள். கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடும் ஜாதி. அறிமுகமில்லாதவர்களிடம் குடும்பத்தை அவிழ்த்துக் கொட்டுவதில் இவர்களுக்கு என்ன சுகமோ.

அவர் என் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். கம்பெனியின் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது. நான் புடவைத் தலைப்பை இழுத்து அதன் மேல் போட்டுக்கொண்டேன். ஏசி அதிகம்.

டாக்டர் சேவியர் அருள்தாஸ் என்னை உட்காரச் சொல்லவில்லை. போனிலேயே இவர் மரியாதையை நான் அறிவேன். நேரில் இன்னும் மோசம்.

"கூரியர்ல வர்றதை நீங்க ஏன் தூக்கிட்டு வர்றீங்க?"

பிளாஸ்டிக் தாடையை மேசையில் வைத்துத் தகட்டை அதில் பொருத்தினேன். மோவாய்ப் பக்கத்தை விரலால் அழுத்தினேன். காதுப் பக்கம் எழும்பியது. அந்த இடைவெளியில் என் விசிட்டிங் கார்டுகளை ஒவ்வொன்றாகச் செருகினேன். மூன்று உள்ளே போயின.

"அவ்வளவுதானே" என்றார். "எலும்பை இழைச்சு உட்கார வெச்சுருவேன். எப்பவும் செய்யறதுதான்."

"எப்பவும்னா?"

"ஒவ்வொண்ணுக்கும்."

"எங்க கிட்ட வாங்கின ஒவ்வொண்ணுக்குமா?"

"ஆமா. சிலது கொஞ்சம், சிலது நிறைய. ஒண்ணு ரெண்டு என்ன பண்ணியும் சரியா உட்காரலை."

"ஏன் டாக்டர் எங்களுக்குச் சொல்லலை?"

அவர் தகட்டைக் கையில் எடுத்தார். காதுப் பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். இவ்வளவு நேரம் என்னைப் பார்க்காமலே பேசியவர், அப்போதும் பார்க்கவில்லை.

"உங்க ரிப்போர்ட்ல எல்லாமே பச்சையா இருந்துது. அப்ப நான் வெட்டறதுதான் கோணலாப் போகுதுன்னு நினைச்சேன். எனக்கு வயசாகுதுல்ல."

இவ்வளவு திமிர் பிடித்த ஒரு மனிதரின் வாயிலிருந்து அது வந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கார்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன் இல்லை என்று நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்தபோது அந்த அம்மாள் "முடிஞ்சுதுங்களா, போயிட்டு வாங்" என்று சிரித்தாள். அவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் பஸ்ஸில் வரவேண்டியவள், ஆட்டோவில் வந்தேன்.

ஜூன் 11, புதன்

எதிர்பார்த்ததுதான். கம்பெனிப் பொருளை அனுமதியில்லாமல் வெளியே எடுத்துப் போனேன், வாடிக்கையாளரிடம் கம்பெனியின் பெயரைக் கெடுத்தேன். "வீட்டுக்குப் போங்க மேடம், கூப்பிட்டா வாங்க" என்றார் பிரணவ். டாக்டர் செவ்வாய்க்கிழமை பார்ப்பார் என்று எனக்கு யார் சொன்னது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆஸ்பத்திரி வாசலில் போர்டு இருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியும் என்றேன். முகுந்தன் கதவோரம் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை, பார்க்கவில்லை.

மதியமே வீடு. அவர் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார், டிவியில் யாரோ யாரையோ அறைந்துகொண்டிருந்தார்கள். எழுந்து என்னையும் கடிகாரத்தையும் பார்த்தார்.

"சாப்ட்டியா?"

"வேலை போச்சு."

"சரி. சாப்ட்டியா?"

இந்த மனிதருக்கு ஆர்வம் என்ற ஒன்றே கிடையாது. ஏன், எப்படி, என்ன ஆயிற்று, ஒரு கேள்வி இல்லை. ரசம் சூடாக்கித் தந்தார். அப்பளம் பொரித்துத் தந்தார். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பேப்பர் படிப்பது போலப் பாவனை செய்தார். பேப்பர் நேற்றையது.

ஜூன் 14, சனி

மின்விசிறிகளைத் துடைத்தேன். அரிசி டப்பாவில் வண்டு. சலித்து மாடியில் காயவைத்தேன். ஆறுக்குட்டியின் கட்டி என்ன வேகத்தில் வளரும் என்று போனில் தேடிப் பார்த்தேன். பொழுது போகாமல்தான். மெதுவாக வளரும் வகை என்று போட்டிருக்கிறது. போட்டவன் யாரோ.

ஜூன் 16, திங்கள்

பெரியவரே வீட்டுக்கு வந்துவிட்டார். அவிநாசியப்பன், கிரைண்டர் முதலாளி, பிரணவின் அப்பா. காரை வாசலில் விட்டு, ஒரு பை மாம்பழத்தோடு. பழத்தை வைத்து ஆளை வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை இந்தத் தலைமுறை வியாபாரிகளுக்கு இன்னும் போகவில்லை.

"டாக்டர் கூப்புட்டாருங்க. நீங்க அளந்து கையெழுத்துப் போட்டாத்தான் இனிமே சாமான் எடுப்பேங்கறாரு. இல்லீன்னா வேற பக்கம் போயிருவாராம்."

ஆக, மனசாட்சி இல்லை, ஆர்டர். நல்லது. மனசாட்சியைவிட ஆர்டரை நம்பலாம்.

"பையன் என்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலீங்க. ஃபர்னஸ்ல ஏத்துமதிச் சாமான் மொதல்ல போகட்டும், இதை அறுத்து அனுப்புன்னு அந்த முகுந்தன்கிட்ட அவன்தான் சொல்லியிருக்கறான். அந்தாளு முடியாதுன்னு ரெண்டு தரம் சொல்லியிருக்கறாப்ல."

காபி கொண்டுவரச் சமையலறைக்குப் போனேன். என் கணவர் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவர் காபியை டபராவில் ஊற்றி ஆற்றினார். "கிரைண்டர்ல கல்லு ஒரு நூல் தள்ளாடுச்சுன்னா, பொம்பளைக கடைக்கே தூக்கியாந்து போட்டுட்டு மானத்த வாங்கிருவாங்க. இதுல இத்தன நாளா ஒருத்தருங் கொண்டாரலியே. அதான் நல்லாத்தான் போகுதாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

"எப்படிங்க கொண்டுவருவாங்க? மூஞ்சிக்குள்ள இருக்கு."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பிறகு குடிக்கவில்லை.

என் நிபந்தனைகளைச் சொன்னேன். உலைக்குப் போகாமல் அறுக்கக் கூடாது. எலும்பில் உட்காரும் இடத்திலிருந்துதான் அளப்பேன். இதுவரை போன ஒவ்வொன்றின் ஸ்கேனையும் எடுத்து மறுபடி அளக்கவேண்டும், வந்த விடையை டாக்டருக்குச் சொல்லவேண்டும்.

"கடைசி ஒண்ணு வேண்டாங்களே" என்றார்.

"அப்ப மாம்பழத்தை எடுத்துட்டுப் போங்க."

பழம் இங்கேதான் இருக்கிறது. ருசி சுமார்.

ஜூன் 19, வியாழன்

புதுத் தகடு. அடித்தட்டோடு உலையில் வைத்து எடுத்து, இன்று வயர்கட் இயந்திரத்தின் கம்பியால் அறுத்தார்கள். அறுக்கும்போது கூட நிற்க முடியுமா என்று முகுந்தன் கேட்டான். தனியாக அறுக்கக்கூடப் பயம். நின்றேன்.

கடைசி இழை அறுந்தபோது இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். நிமிரவில்லை. அவன் பெருமூச்சு விட்டது இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"அன்னிக்கு நீங்க மறுத்ததை ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கற மாதிரி இல்லையே மேடம்."

அவன் கையெழுத்துப் போட்டவன்தான். அதில் மாற்றமில்லை. அதை எழுதி வைக்கிறேன்.

வெள்ளைப் பொடி தெளித்து அளந்தேன். மோவாய்ப் பக்கம் சரி, காதுப் பக்கம் சரி. நடுவே வெளிப்புறத்தில், எதையும் தொடாத இடத்தில், கொஞ்சம் மஞ்சள். பிரணவ் வந்து பார்த்து, "மஞ்சள் இருக்கே மேடம்" என்றார் வருத்தமாக. இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 25, புதன்

ஆப்பரேஷன். எனக்கு அதில் வேலையில்லை. போனை மேசையில் நிமிர்த்தி வைத்திருந்ததற்கு வேறு காரணம்.

டாக்டர் கூப்பிட்டார். "உட்கார்ந்துது. இழைக்கலை" என்றார். நன்றி சொல்லத் தெரியாத மனிதர், வைத்துவிட்டார்.

முகுந்தனிடம் போய்ச் சொன்னேன். அவன் இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் எதையோ துடைத்தான்.

ஜூன் 30, திங்கள்

பழைய தகடுகளின் ஸ்கேன்களை அளந்து முடித்தேன். பச்சை ரிப்போர்ட்டோடு போனவை. உட்காரும் இடத்தைப் பிடித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் சிவப்பு. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவரைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கிழித்துப்போட்டேன். திட்டித் திட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். தாடைகள் அப்படியேதான் இருக்கின்றன.

டாக்டருக்கு அனுப்பினேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்க்கப் போகிறாராம். முதல் ஆள் வரும்போது நீங்களும் இருங்கள் என்றார். நான் எதற்கு என்றேன். "எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை" என்றார்.

ஜூலை 3, வியாழன்

வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். பெயர் யாழரசி, தாலுகா ஆபீஸில் வேலை. போன வருடம் எங்கள் தகட்டைப் பொருத்திக்கொண்டவள். பேசும்போது தாடை ஒரு பக்கமாக இழுக்கும். கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசினாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கின் முன்னால் மாட்டிவிட்டுத் தொண்டையைச் செருமினார். அவள் முந்திக்கொண்டாள்.

"தெரியும் டாக்டர். நீங்க சொன்ன பயிற்சியை நான் சரியாப் பண்ணலை. வாயைத் தொறந்து மூடுற பயிற்சி. டெய்லி பண்றேன், ஆனா எங்கயோ தப்பாப் பண்றேன் போல. பல்லு சேரவே மாட்டேங்குது. அம்மாவும் அதான் திட்டறாங்க, நீ ஒழுங்காச் செய்யலைன்னு. இந்தத் தடவை யாராவது கூட இருந்து சொல்லிக் கொடுத்தா..."

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அவர் மேல் ஒரு கெட்ட வார்த்தைகூடத் தோன்றவில்லை, அது எனக்கே புதிது.

"தப்பு உங்க பயிற்சியில இல்லைங்க" என்றேன். "உள்ள வெச்ச தகடு வளைஞ்சிருக்கு. வைக்கும்போதே வளைஞ்சிருந்துது. நாங்க சரியா இருக்குன்னு எழுதி அனுப்பிட்டோம்."

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க யாருங்க?"

"அளக்கறவ."

நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"அப்ப" என்றாள், "நான் தினமும் செஞ்சதெல்லாம் சரியாத்தான் செஞ்சேனா?"

"சரியாத்தான் செஞ்சீங்க."

அவள் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.